அந்தக் கூரை எதில் நிற்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தென் பிரான்ஸின் ஆர்ல் நகரசபைக் கட்டடத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1673க்கும் 1676க்கும் இடையில் மான்சார் என்ற கட்டடக் கலைஞரின் வடிவத்தில் கட்டியது. கீழ்த்தளக் கூடத்துக்குக் கல்லாலேயே கூரை, ஏறத்தாழ 16 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பார்த்தால் பந்தல் துணியைக் காற்று லேசாகத் தூக்கிவிட்ட மாதிரி அவ்வளவு தாழ்வான வளைவு, அதற்கு மேல் மாடி வேறு. இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, ஆகவே இந்த முறை முழுக்க அதே கூரைதான், அலுத்துக்கொள்கிறவர்கள் மன்னிக்கவும்.

*

கே: 40 வருடம் சென்டரிங் வேலை எடுத்துச் செய்தவன் நான். கான்கிரீட் இல்லை, பீம் இல்லை, தூண் இல்லை, 16 மீட்டர் கல் கூரை என்றால் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அது எதில்தான் நிற்கிறது?
– ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்தக்காரர், திருச்சி

ப: பக்கத்துக் கல்லில் நிற்கிறது, ஐயா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விண்டுபோகும், இது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நீளமான கல்லை இரண்டு சுவர் மேல் படுக்கவைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, அதனால் கொஞ்ச தூரத்துக்கு மேல் போக முடியாது. அதையே ஆப்பு ஆப்பாக வெட்டி வில்போல் அடுக்கினால் ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கிறது, ஆனால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் இரு பக்கத்துக் கல்லும் விடுவதில்லை. எல்லாக் கல்லும் அமுக்கத்தில்தான் இருக்கிறது, எதுவும் இழுபடுவதில்லை.

சரி, பாரத்தைக் கல் ஏற்றுக்கொண்டது, அப்புறம்? அது சும்மா கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு, எடை சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எளிய கணக்கு ஒன்று உண்டு: மொத்த எடையை அகலத்தால் பெருக்கி, வளைவின் உயரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 16 மீட்டர் அகலமுள்ள ஒரு வளைவு 16 டன் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் 8 மீட்டர் எழும்பினால் சுவரைத் தள்ளும் விசை 4 டன். 4 மீட்டர் எழும்பினால் 8 டன். 2 மீட்டர்தான் எழும்புகிறது என்றால் 16 டன், அதாவது தன் எடை அளவுக்கே சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கூரையைத் தாழ்த்தத் தாழ்த்த அழகு கூடும், மேல்மாடிக்கு இடம் கிடைக்கும், ஆனால் சுவருக்கு ஆபத்து. ஆர்லில் செய்தது இந்த ஆபத்தான பக்கத்து வேலை. கூடத்தைச் சுற்றிச் சுவரோரமாக ஜோடி ஜோடியாகத் தூண்கள் நிற்கின்றன, கூரை அவற்றின் தலையிலிருந்து கிளம்புகிறது. மாடிச் சுவர்களின் எடையும் இந்த இடத்தில் உதவிக்கு வரும், பக்கவாட்டில் போகிற விசையை அது கீழ்நோக்கித் திருப்பிவிடும். மேலே பாரம் இருப்பது நல்லது என்று சொன்னால் கான்கிரீட்காரர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் கல் வேலையில் அது நிஜம்.

உங்கள் தொழில் சம்பந்தமாக ஒன்று. கல் வளைவுக்கும் மரத்தில் சென்டரிங் அடித்துத்தான் ஆகவேண்டும், உச்சிக்கல் வைக்கும்வரை அது தானாக நிற்காது. அந்தச் சென்டரிங்கைப் பிரிக்கும் நாள்தான் நெஞ்சு படபடக்கும் நாள். 1772இல் பாரிஸ் பக்கத்தில் நேயி பாலத்தின் சென்டரிங்கைப் பிரிப்பதைப் பார்க்க மன்னர் பதினைந்தாம் லூயியே வந்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் சென்டரிங் பிரித்தபோது கவுன்சிலராவது வந்திருப்பாரா?

*

கே: டிப்ளமோ சிவில் இரண்டாம் ஆண்டு. எஞ்சினியரிங் டிராயிங்கில் எனக்கு அரியர், அதிலும் இரண்டு உருளைகள் ஒன்றை ஒன்று வெட்டுவதும், மேற்பரப்பை விரித்து வரைவதும் உயிரை வாங்குகின்றன. இந்தப் பாடத்தை யார் சார் கண்டுபிடித்தது? எதற்கு?
– மாணவி, திண்டுக்கல்

ப: கண்டுபிடித்தவர்கள் கல்தச்சர்கள். எதற்கு என்றால், நீ அரியர் வைத்திருக்கும் அதே இரண்டு கணக்குகளுக்காகத்தான்.

முதலில் உன் சட்டையைப் பார். உடல் பகுதி ஓர் உருளை, கை ஓர் உருளை, இரண்டும் தோளில் சந்திக்கின்றன. டெய்லர் துணியை மேஜையில் தட்டையாகப் போட்டுக் கையை வெட்டும்போது மேல் விளிம்பை மேடும் பள்ளமுமாக ஓர் அலைபோல வெட்டுகிறார். தட்டையாகக் கிடக்கும்போது அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாது, சுருட்டித் தைத்த பிறகுதான் தோளில் கச்சிதமாகப் பொருந்தும். பாடப் புத்தகத்தில் வரும் விரிப்பு இவ்வளவுதான். இரண்டு உருளைகள் சந்திக்கும் கோடுதான் சட்டையில் தோள் தையல்.

இப்போது துணிக்குப் பதில் கல் என்று வைத்துக்கொள். நீளக் கூடத்துக்கு மேல் அரை உருளைக் கூரை, பக்கத்து ஜன்னல் வழியாக இன்னொரு சின்ன அரை உருளை உள்ளே வந்து அதை வெட்டுகிறது. சந்திக்கும் கோட்டில் உட்காரும் கல் இரண்டு கூரைக்கும் சொந்தம், ஒரு பக்கம் இந்த வளைவு, மறு பக்கம் அந்த வளைவு, நடுவில் ஒரு முனை, அந்த முனையும் நேர்கோடு இல்லை, காற்றில் வளைந்து போகிறது. அந்தக் கல் முப்பதடி உயரத்தில் உட்காரப் போகிறது, வெட்டுவதோ தரையில். மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்து, இறக்கிச் செதுக்கி, மறுபடி ஏற்றி என்றெல்லாம் செய்ய முடியாது. டெய்லர் அரை அங்குலம் பிடித்துத் தைத்துவிடலாம், கல்லில் வெட்டியது வெட்டியதுதான். ஆக, வெட்டுவதற்கு முன்பே அந்தக் கல்லின் ஒவ்வொரு முகமும் உண்மையில் என்ன வடிவம் என்று கோடு போட்டே தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுக் கல்தச்சர்கள் இந்தக் கலைக்கு வைத்த பெயர் 'த்ரே'. அர்த்தம் வேறொன்றுமில்லை, 'கோடு'.

அதை வரைந்தது தரையில், உண்மை அளவிலேயே, ஸ்கேல் கீல் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் யார்க், வெல்ஸ் பேராலயங்களில் அப்படிக் கோடு கிழித்த சாந்துத் தரைகள் இன்னும் பாதுகாப்பாக இருக்கின்றன. கட்டடத்தின் கிடைப்படமும் (மேலிருந்து பார்த்த வடிவம்) முகப்புப் படமும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே தரையில் கிடக்கும், பழக்கமில்லாதவனுக்குக் கோழி கிளறிய மாதிரி தெரியும்.

அதிலிருந்து கல்லுக்குப் போக இரண்டு வழி. முதல் வழி முரட்டு வழி: வேண்டிய கல் உள்ளே அடங்குகிற அளவுக்குப் பெரிய பெட்டி போன்ற கல்லை எடு, மேல் முகத்தில் கிடைப்படத்தை வரை, முன் முகத்தில் முகப்புப் படத்தை வரை, இரண்டு திசையிலும் நேராக வெட்டிக்கொண்டே போ, நடுவில் உன் கல் மிஞ்சும். புரிந்துகொள்ளச் சுலபம், ஆனால் பாதிக் கல் சில்லாகப் போய்விடும். இரண்டாம் வழியில் கல்லின் ஒவ்வொரு முகத்தின் உண்மை வடிவத்தையும் விரித்து வரைந்து, மரப் பலகையிலோ தகட்டிலோ அச்சு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முகத்தைச் சமன்செய்து, அச்சை வைத்துக் கோடு கிழித்து, அடுத்த முகம் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதை மடக்குமட்டத்தால் பிடித்து, அப்படியே போக வேண்டும். கல் மிச்சம், மூளைக்குச் செலவு. உன் அரியர் இந்த இரண்டாம் வழிதான்.

புத்தகத்துக்கு இது வந்த கதையும் சுவையானது. 1567இல் பிலிபெர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞர், லியோன் நகரத்துக் கொத்தனாரின் பிள்ளை, இதை முதல்முதலாக விரிவாக அச்சில் போட்டார். அதுவரை பெரும்பாலும் வாய்மொழிதான், குரு சிஷ்யனுக்குக் காட்டிக்கொடுப்பது. அப்புறம் 1737–39இல் ஃப்ரேசியே என்ற ராணுவப் பொறியாளர் மூன்று பாகமாக எழுதித் தள்ளினார். (இவர்தான் சிலி நாட்டிலிருந்து பெரிய ஸ்ட்ராபெரிச் செடியைப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தவர். இன்று நாம் ஐஸ்கிரீமில் சாப்பிடும் ஸ்ட்ராபெரிக்கு அது ஒரு பக்கத்து மூதாதை. இதற்கும் உன் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) கடைசியாக காஸ்பார் மோன்ழ். மெஸியேர் என்ற ஊரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் கல் வெட்டும் வேலையும் மரவேலையும் சார்ந்த வரைபடங்களைச் சொல்லிக்கொடுத்தவர். இந்த எல்லா வித்தைகளுக்கும் அடியில் ஒரே முறை ஓடுகிறது என்று கண்டு, எந்தப் பொருளையும் இரண்டு தளங்களில் நிழல்போல வீழ்த்திக் காட்டும் முறையாக அதைத் தொகுத்தார். ராணுவப் பள்ளி என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை, 1795இல் பாரிஸில் பொதுவில் பாடம் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அது திண்டுக்கல் வரைக்கும் வந்து உன்னைப் படுத்துகிறது. ஒரு உருளைக் கிழங்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார், புத்தகத்தைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.

*

கே: ஆர்ல் கூரையைப் பற்றி எழுதும்போது மான்சார் என்ற ஒரு பெயரை மட்டும் போட்டீர்கள். வெயிலில் உட்கார்ந்து உளி பிடித்தவன் பெயர் எங்கே? எப்போதும் இதே கதைதான்.
– கல்பட்டறைத் தொழிலாளி, மாமல்லபுரம்

ப: நியாயமான கோபம். ழூல் ஆர்துவான் மான்சார் 1673இல் அந்த ஊருக்கு வந்தபோது வயது 27. பின்னால் வெர்சாய் அரண்மனையின் பெரும்பகுதியைக் கட்டப்போகிறவர், ஆனால் அப்போது அந்தப் புகழெல்லாம் இல்லை. வடிவம் அவருடையது. கூடவே இருந்து கட்டிமுடித்தவர் உள்ளூர்க்காரரான ழாக் பெய்த்ரே, அவர் பெயரை நான் விட்டது என் தப்பு. அவருக்கும் கீழே உளி பிடித்தவர்களுடைய பெயரைக் கேட்டால், நீங்கள் சொல்வதுபோல அதே கதைதான்.

ஆனால் இதில் யாருக்கு அறிவு, யாருக்குக் கைவேலை என்று பிரிப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஆர்ல் கூரை கட்டுவதற்கு முப்பது வருடம் முன்பு பாரிஸில் இதே விஷயத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் ழிரார் தெசார்க், இன்றும் கணிதம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த அதே தெசார்க் தேற்றத்துக்காரர். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தனி வித்தை வைத்திருக்கிறீர்களே, எல்லாவற்றுக்கும் ஒரே பொது முறை தருகிறேன் என்று 1640இல் சின்னதாக ஒன்று எழுதி வெளியிட்டார். மறுபக்கம் கல்தச்சர்கள், முன்னால் நின்றவர் ழாக் க்யூராபெல். கல்லைத் தொட்டு வெட்டாதவன் எங்களுக்குச் சொல்லித்தருவதா என்று அவர் வரிந்துகட்டிக்கொண்டு வர, 1644இல் இருவரும் மாறிமாறி அச்சடித்துத் திட்டிக்கொண்டார்கள். தெசார்க் சொன்னது சரியான கணிதம். ஆனால் அவருடைய எழுத்து பட்டறைக்காரனுக்குப் புரியாத பாஷையில், அவரே இட்டுக்கட்டிய சொற்களோடு இருந்தது. அவருடைய நண்பர் ஆப்ரஹாம் போஸ் 1643இல் படம்போட்டு விளக்கிப் பார்த்தார், அப்போதும் எடுபடவில்லை. என்னைக் கேட்டால் க்யூராபெல் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். கணக்கு சரியாக இருந்தும் கல் விரிசல் விட்டால் ராத்திரி தூங்காமல் கிடக்கப்போகிறவன் தச்சன்தானே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரான்ஸில் 'கொம்பாஞ்ஞோனாழ்' என்று ஒரு வழக்கம், தொழில் கற்றவன் ஊர் ஊராகப் போய் வேலை செய்து திரும்புவது. 2010இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அப்படிக் கிளம்பும் கல்தச்சர்கள் ஆர்ல் கூரையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அறிவாளிகள் என்ன எழுதினாலும், தொழில்காரர்கள் அந்தக் கூரைக்குத் தாங்களே ஒரு இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

*

கே: ஒரே ஒரு கல்லை உருவினால் முழுக் கூரையும் விழுந்துவிடுமா?
– எட்டாம் வகுப்பு வாசகன், நாகர்கோவில்

ப: எந்தக் கல் என்பதைப் பொறுத்தது தம்பி. ஒற்றை வளைவில் உருவினால் போச்சு. அகலமான கூரையில் ஒரு கல் போனால் விசை சுற்றிப் போக வழி தேடிக்கொள்ளும், ஓட்டையோடு நிற்கும் பழைய கூரைகள் நிறைய உண்டு.

விரிசல் விழுவதும் நீ நினைக்கிற அளவுக்கு ஆபத்து இல்லை. சுவர் கொஞ்சம் விலகினால் வளைவு மூன்று இடத்தில் விரிசல் விட்டுக் கதவுக் கீல் மாதிரி மடங்கிக்கொடுத்து அப்படியே நிற்கும். நாலாவது கீல் விழுந்தால்தான் கவிழும். 1740களில் ரோமின் புனித பேதுரு ஆலயத்துக் குவிமாடக் கோபுரத்தில் விரிசல்களைக் கண்டு எல்லோரும் பயந்தபோது, போலெனி என்ற பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். நூலில் எடைகளைக் கட்டி, ஒவ்வொரு எடையும் கோபுரத்தின் ஒரு துண்டுக்குச் சமவிகிதம், அதைத் தொங்கவிட்டார். தொங்கிய வடிவத்தைத் தலைகீழாக்கிக் கோபுரத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் வைத்தார். கோடு கல்லின் தடிமனுக்குள்ளேயே ஓடியது, ஆக நிற்கும் என்று 1748இல் எழுதினார். பாதுகாப்புக்கு இரும்பு வளையங்களும் போட்டார்கள், இன்றுவரை நிற்கிறது.

தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்ற அந்த யோசனை ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குடையது. 1675இல் அதை யாரும் திருடிவிடக் கூடாது என்று எழுத்துகளையெல்லாம் கலைத்துப்போட்டுப் புதிராக அச்சிட்டார். 1703இல் செத்தும் போனார், விடை 1705இல்தான் வெளிவந்தது! நீ வீட்டில் அம்மாவின் சங்கிலியை வைத்துச் செய்து பார், கேட்டுவிட்டுச் செய்.

*

கே: ஆர்ல் கூரை 'கிட்டத்தட்ட' மட்டம் என்கிறீர்கள். முழுக்கவே மட்டமாக, வளைவே இல்லாமல் சின்னச் சின்னக் கற்களை வைத்துக் கூரை போட முடியுமா? முடியும், முடியாது என்று நானும் என் அலுவலக நண்பரும் ஒரு பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– வாசகர், கோவை

ப: முடியாது என்று கட்டியது நீங்களா, நண்பரா? முடியும். பிரியாணி வாங்கிக்கொடுங்கள்.

ஸ்பெயினில் எஸ்கோரியல் மடாலயத்து ஆலயத்தில், பாடகர் மேடைக்குக் கீழே ஹுவான் தெ எர்ரேரா கருங்கல்லில் போட்ட கூரை பார்ப்பதற்குத் தட்டைதான். மன்னர் இரண்டாம் பிலிப்புக்குப் பயம் வந்து நடுவில் தூண் வைக்கச் சொன்னார், எர்ரேராவும் வைத்தார், ஒரு நாள் மன்னர் முன்னாலேயே அதை உதைத்துத் தள்ள, காகிதத் தூண் என்று தெரிந்தது என ஒரு கதை. கதைதான், ஆனால் நல்ல கதை.

அதைவிட எனக்குப் பிடித்தது ழோசஃப் அபேய் 1699இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் காட்டியது. எல்லாக் கல்லும் ஒரே அச்சு. அடி முகம் சதுரம். நாலு பக்கத்தில் எதிரெதிர் இரண்டு வெளியே சாய்ந்திருக்கும், மற்ற இரண்டு உள்ளே சாய்ந்திருக்கும். பக்கத்துக் கல்லைக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கல்லும் இரண்டு பக்கத்துக் கற்கள்மேல் சாய்ந்துகொள்கிறது, வேறு இரண்டைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. ஓலைக்கீற்று முடைவது மாதிரி, ஆனால் கல்லில். கீழிருந்து பார்த்தால் சதுரத் தரைபோலத் தெரியும், மேல்பக்கம் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளம் வேண்டாமே என்று அதே வருடம் செபஸ்தியான் த்ருஷே பக்கங்களை வளைத்து வேறொரு கல்லை வரைந்தார், அழகுதான், ஆனால் வெட்டுகிறவன் பாடு திண்டாட்டம்.

இதை நான் சலவை சோப்பில் வெட்டிப் பார்த்தேன். ஒன்பது துண்டுக்கு ஆறு சோப்புக் கட்டி செலவு, முதல் முறை சாய்வைத் தலைகீழாக வெட்டியதில் மூன்று வீண். சுற்றிலும் பென்சில் பெட்டி மூடியை அறுத்துச் சட்டம் மாதிரி இறுக்கிப் பிடித்தால் நிற்கிறது, சட்டத்தைத் தளர்த்தினால் பொலபொலவென்று உதிர்கிறது. அதுதான் விஷயமே: மட்டமாக்கினால் தள்ளும் விசை ஓடிவிடாது, எல்லாம் சேர்ந்து ஓரத்துச் சட்டத்தின் தலையில் விழும். என் மனைவி அந்த ஒன்பது துண்டுகளையும் வாளியில் போட்டுவிட்டதால் படம் அனுப்ப முடியவில்லை.

*

கே: நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இதைவிட உயரம். அதைச் சொல்லாமல் வெள்ளைக்காரன் கூரையைத் தூக்கிப் பிடிப்பது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

ப: தூக்கிப் பிடிக்கவில்லை ஐயா, அது வேறு வித்தை. 1010இல் முடிந்த அந்த விமானத்தில் ஆப்புக்கல் வளைவு இல்லை, கல்லைப் படுக்கையாக வைத்து ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டே மேலே போயிருக்கிறார்கள். இந்த முறையில் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை, ஆனால் அகலமான இடத்தை மூட உயரமாகப் போயே ஆகவேண்டும், தாழ்வாகப் போட முடியாது. அவர்களுக்கு உயரம்தான் வேண்டியிருந்தது. ஆர்ல்காரர்களுக்கோ மேலே மாடி வேண்டியிருந்தது.

*

கே: அடுத்த வருடம் மகனைப் பார்க்க மார்செய் போகிறேன். ஆர்ல் கூரையைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

ப: அந்தக் கூடம் வழியாகத்தான் ஊர் ஜனங்களே ஒரு சதுக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோவார்கள் அம்மா, மார்க்கெட் பையோடு, மேலே பார்க்காமல். நீங்கள் நடுவில் நின்று மேலே பாருங்கள். ஓரங்களிலிருந்து சின்ன வளைவுகள் உள்ளே வெட்டிக்கொண்டு வருவதையும், அவற்றின் முனைக்கோடுகள் நடுவை நெருங்க நெருங்கக் கரைந்துபோவதையும் கவனியுங்கள், நான் இவ்வளவு நேரம் சொன்ன அந்த இரண்டு கூரைக்குச் சொந்தமான கற்கள் அங்கேதான். மேலிருக்கும் கடிகார கோபுரம் 16ஆம் நூற்றாண்டினுடையது, புதுக் கட்டடம் கட்டும்போது இடிக்காமல் விட்டது.

ஒரு அரை நாள் கையில் இருந்தால் பக்கத்திலேயே சேன் ழில் என்ற சிற்றூருக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டு ஆலயம் ஒன்றின் பின்பகுதி பாழாகிக் கிடக்கிறது, அதில் ஒரு சுழல் படிக்கட்டு மட்டும் தப்பியிருக்கிறது. படிகளுக்கு மேலே வளைகூரையும் படியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே ஏறுகிறது, அதாவது அதில் ஒரு கல்லில்கூட நேர் விளிம்பு தேடாதீர்கள். தச்சர்கள் இதையும் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் தங்கள் பெயரைச் சுவரில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாமல்லபுரத்து வாசகர் கேட்ட பெயர்கள் கொஞ்சம் அங்கே கிடைக்கும். படி குறுகல், முட்டி வலி இருந்தால் மகனை முன்னால் ஏறச் சொல்லுங்கள்.